ஒன்பது டன்

ஓய்வு பெற்ற மறுமாதம்
செங்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில்
இருநூறு பக்க நோட்டு வாங்கி
முதல் பக்கத்தில் எழுதினேன்:
புளியறைச் சோதனைச்சாவடி, ஒரு வரலாறு.
அடியில், ஆபீஸ் பழக்கத்தில்,
தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பதினோரு அத்தியாயம் என்பது திட்டம்.
வைக்கோலுக்கு ஒன்று.
வளைவில் சாய்ந்து வரும்போது லாரியே தெரியாது,
ஒரு படப்பு தானாக நடந்து வரும்.
வாழைத்தாருக்கு ஒன்று.
ராத்திரி இரண்டு மணிக்கு
சாரலில் நனைந்து சத்தமில்லாமல்
மலையேறும் கோழிகளுக்கு ஒன்று.
ரேஷன் அரிசியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

தென்காசிப் பதிப்பாளர் மொகைதீன் பிச்சை
டீயைப் பாதி ஆற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:
"கதை இல்லைன்னு ஆயிட்டா ஆதாரம் வேணும், அண்ணாச்சி."
என்னிடமா?
சாவடியை மூடிய அன்று
எடைக்குப் போக இருந்த ஏழு பேரேடுகளை
ஸ்கூட்டர் கால்மாட்டில் வைத்து
வீட்டுக்குக் கொண்டு வந்தவன் நான்.

பிரித்தேன்.
கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.
வண்டி எண், சரக்கு, நேரம், எடை.
ஒன்பது டன். ஒன்பது டன். ஒன்பது டன்.
மழையில் ஊறிய வைக்கோலும் ஒன்பது
எம்சாண்டும் ஒன்பது.
எந்த வண்டியும் என் மேசையைத் தாண்டும்போது மட்டும்
எடை குறைந்து, நல்லபடியாக இருந்திருக்கிறது.

புனைவல்லாதது என்று பெயராம் இந்த வகைக்கு.
அல்ல என்று சொல்லித்தான் தன்னைச் சொல்லிக்கொள்கிறது.
நானோ இருபத்தாறு வருஷம்
அரசாங்கச் செலவில் புனைந்திருக்கிறேன்,
நீல மையில்,
கார்பன் வைத்து மூன்று பிரதி.

புதன்கிழமை கொல்லம் ரயிலேறிப்
புனலூரில் இறங்கினேன்.
லாரியை விற்றுவிட்டு தங்கச்சன்
வீட்டு வாசலில் ரப்பர் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தார்.
"சாரே, மூட்டுவலி எப்படி?"
முதலில் அதைத்தான் கேட்டார்.
நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.
நாலு ஷீட்டைத் திருப்பிப் போட்டார்.
உள்ளே போய்
எண்ணெய்க்கறை படிந்த டைரியோடு வந்தார்.

எல்லாம் மலையாளம்.
சுருண்டு சுருண்டு ஓடும் எழுத்தில்
எண்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன.
பதினாலரை. பதினாறு. பதினாறேகால்.
பக்கத்தில் வேறு எண்.
முந்நூறு, முந்நூறு, ஓணத்துக்கு ஐந்நூறு.
அதற்கு முன்னால் எப்போதும் ஒரே சொல்.
விரல் வைத்துக் கேட்டேன்.
"அது..." என்றவர்
என் மூக்குக்கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார்:
"கண்ணடக்காரன்."

எழுதிக்கொள்ளட்டுமா என்றேன்.
"எழுது சாரே. என் பேரும் போடணும்.
கொடுத்தவன் இல்லாம
வாங்கினவன் மட்டும் எப்படி?"

திரும்பும் வழியில்
பதிமூன்று கண் பாலம் வந்தது, குகை வந்தது.
ஜன்னலோரம் இருந்தும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

பிரேமகலாவிடம் சொன்னேன்.
"நம்ம வீடும் வருமா அதுல?"
வரும் என்றேன்.
காலால் தரையை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள்.
"மொசைக் போட்டது தொண்ணூத்தொம்பது, தை மாசம்.
நீங்க தொண்ணூத்தெட்டுன்னு எழுதிறப் போறீங்க."
குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. போய்விட்டாள்.

பதினோரு தலைப்பையும் அடித்துவிட்டேன்.
அரிசியின் கேள்விக்குறி மட்டும் இருக்கிறது,
ரப்பர் அதன்மேல் சரியாக ஓடவில்லை.
ஐந்து நாளாக ஒரே வரி நிற்கிறது:
"என் பேரேடுகளை நம்ப வேண்டாம்."

அடுத்த வரிக்கு டைரியை வாசிக்க வேண்டும்.
ஆரியங்காவுக் கடையில் வாங்கிய மலையாள அரிச்சுவடியில்
'க' தாண்டி, 'ட' தாண்டி
இப்போது 'ண'வில் இருக்கிறேன்.
என் பெயரில் பாதிவரை
வாசிக்க வருகிறது.